மீடியா அக்கா விட்டுப்போன குழாய்

என் மேசை இழுப்பறையில் ஒரு கண்ணாடிக் குழாய் கிடக்கிறது. வாயில் பஞ்சு அடைப்பு, அடியில் காய்ந்து கறுத்த சோளமாவுக் கூழ், வெளியே ஒட்டிய ஒரு சீட்டு. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் தைரியம் இல்லை.

அடையாற்றில் பழ ஈக்களை ஆராயும் கூடத்தில் நான் புதிதாகச் சேர்ந்த காலம் அது. ஈக்களின் உணவை அங்கே மீடியா என்போம். அதைக் காய்ச்சி, நாங்கள் எழுதித் தருகிறபடி ஈக்களை ஜோடி சேர்த்து விடுபவர் மீடியா அக்கா. பட்டினப்பாக்கத்துக்காரர். என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவர். தன் தெரு மாம்பழ வண்டியில் மொய்த்த ஈக்களை எனக்காகப் பிடித்து வந்தவரும் அவர்தான்.

அந்த வெளி ஈக்களின் மரபணுத் தொகுதியில் இடம்விட்டு இடம் தாவும் துண்டுகள் உண்டு. பல தலைமுறையாகக் குழாயிலேயே வளர்ந்த எங்கள் ஈக்களிடம் அவை கிடையாது. முட்டையும் விந்தும் உண்டாகும் அணுக்களில் அவை தாவத் தொடங்கினால் வம்சம் அற்றுப்போகும். துண்டுகளை அடக்கி வைப்பவை சின்னஞ்சிறு ஆர்என்ஏக்கள். அவற்றைத் தாய்தான் முட்டையில் வைத்து அனுப்புகிறாள்; தகப்பன் வழியாகத் துண்டுகள் மட்டுமே வரும். ஆகவே வெளி ஈதான் தாயாக இருக்க வேண்டும். இதெல்லாம் அன்றே எனக்கு மனப்பாடம்.

ஆனால் நான் எழுதித் தந்த ஜோடிகளுக்குப் பிறந்த பெண் ஈக்கள் எல்லாம் மலடாகப் போயின. சினைப்பை சுருங்கி, ஒரு முட்டைகூட இல்லை. இயக்குநர் கேட்டபோது சற்றும் யோசிக்காமல் கூழ் கெட்டுவிட்டது என்றேன். அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தார்.

“இன்னா மேடம், கூழு மேல பழி போடுறீங்க? மத்த ஈயெல்லாம் இதத்தான துன்னுது, நல்லாத்தான கீது? ஆணு பொண்ண மாத்தி ஜோடி வுட்டுப் பாருங்க.”

எனக்குப் பாடம் எடுக்கிறாளா என்று சுர்ரென்று வந்தது. அடுத்த மாதத்தோடு வேலை இல்லை என்று அவருக்குச் சொல்லிவிட்டார்கள். கடைசி நாள், உள்ளே சில ஈக்கள் ஊர்ந்த இந்தக் குழாயை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் சீட்டைப் படிக்காமலே இழுப்பறைக்குள் தள்ளினேன்.

ஒரு வாரம் கழித்து ஏதோ தேடித் திறந்தால், குழாய் முழுக்க அந்த ஈக்களின் முட்டை பொரித்த புழுக்கள் நெளிந்தன. சீட்டில் அவர் கையெழுத்து: “வெளிப் பொண்ணு, நம்ம பையன். அதுங்களோட பொண்ணுங்க இது. அதே கூழு.”

என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஜோடி எழுதும்போது பெண்ணை முதலில் எழுதுவது ஈக்கூடத்து வழக்கம். நானோ கல்யாணப் பத்திரிகை மாதிரி மாப்பிள்ளையை முதலில் போட்டிருந்தேன். அவர் வழக்கப்படி படித்து, நான் எழுதியதையே செய்திருக்கிறார்; எங்கள் ஈ தாயாகவும் வெளி ஈ தகப்பனாகவும் ஆகிவிட்டன.

பட்டினப்பாக்கத்துக்குப் போனேன். அந்த வரிசை வீடுகளையே இடித்திருந்தார்கள். “ஊருக்கு வெளிய எங்கியோ வூடு குட்த்துட்டாங்கம்மா” என்றார் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண். அதற்குமேல் நான் தேடவில்லை. இயக்குநரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. வெட்கம், பயம், இரண்டும்தான்.

இயக்குநர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இன்று நான் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் பெண்ணை முதலில் எழுதுங்கள் என்று கடுமையாகச் சொல்வேன். ஏன் இவ்வளவு கோபம் என்று அவர்களுக்குப் புரியாது. நேற்று பேனா தேடும்போது குழாய் உருண்டு கைக்கு வந்தது. மை மங்கிவிட்டது. கடைசி இரண்டு வார்த்தைகளை மட்டும்தான் படிக்க முடிகிறது. அதே கூழு.