அஞ்சைனா, அஞ்சினா

எனக்கு எழுபத்து நாலு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று பேர் கொழும்பில், இரண்டு பேர் குவைத்தில். நான் மூன்றாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்கியவள். பெயரெழுதுவேன், பஸ் போர்டை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். அதனால் நான் போனில் சொல்லச் சொல்ல, கொழும்பிலிருந்து மூத்தவனின் மகள் எழுதுகிறாள்.

பீலியில் கொட்டும் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொண்டு லயத்து வீட்டுக்கு ஏறும்போது நெஞ்சை அடைத்தது. மூன்றாவது தடவையும் அடைத்த பிறகுதான் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே மருந்து கொடுக்கும் ஐயா குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இது அஞ்சைனா மாதிரி இருக்கு" என்று பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். மறந்துவிடக் கூடாதே என்று ஹாலிஎல தாண்டும் வரை பஸ்ஸில் அஞ்சைனா, அஞ்சைனா என்று சொல்லிக்கொண்டே போனேன்.

பெரியாஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். ஒருத்தி தன் சீனி வருத்தத்தை டயபடீஸ் என்றாள், மற்றவள் அது டயபட்டிஸ் என்று திருத்தினாள். அவர்களுடைய பைல்களை மகள்மார் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் கடிதத்தை நானே பிடித்துக்கொண்டிருந்தேன்.

நெஞ்சில் வயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். சின்ன வயது சிங்கள டாக்டர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் இங்கிலீசில் என்னவோ சொன்னார். நடுவில் ஒரு வார்த்தை மட்டும் எனக்கு விளங்கியது. அஞ்சினா. என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அட்டைக் கடியில் நாற்பது வருடம் மலையேறியவள் நான். புருஷன் செத்த பதினேழாம் நாள் விடியற்காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுத்து நின்றவள்.

"நான் எதுக்கும் அஞ்சினவ இல்லைங்க" என்றேன்.

நர்ஸ், பண்டாரவளைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை, வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒங்கள பயந்தாங்கொள்ளின்னு சொல்லல்ல உம்மா. அது நெஞ்சு வருத்தத்துட பேரு."

எங்கள் ஐயா அஞ்சைனா என்றாரே என்று கேட்டேன். அவர் படித்த இடத்தில் அப்படி, இவர் படித்த இடத்தில் இப்படி, வருத்தம் ஒன்றுதான் என்றாள். பிறகு டாக்டரிடமும் விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்தார். சிரித்து முடித்து, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவள் வழியாகக் கேட்டார். வலி வந்தால் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து உட்கார வேண்டுமாம். வலி நிற்காவிட்டால் யாராவது உடனே கூட்டிவர வேண்டுமாம். ஆளில்லை என்றால் வார்டில் தங்கச் சொன்னார்.

"அஞ்சு புள்ளைங்க" என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. மாத்திரையோடு அனுப்பிவிட்டார்.

பிள்ளைகளிடம் வாய்வு என்று சொல்லிவைத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வலி வந்தது. மாத்திரையை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். நாக்கு சுறுசுறுவென்றது. லயத்தில் எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார்கள். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்தவர்கள் கொழும்புக்குப் போய் ஒரு வருடம். பூட்டிக் கிடப்பது தெரிந்தும் நடுச்சுவரைத் தட்டினேன். வலி விடும் வரை தட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பாயி, வாய்வுன்னுதானே சொன்னீங்க" என்கிறாள் பேத்தி. எழுதுவதை நிறுத்திவிட்டாள் போலிருக்கிறது.

எழுது தாயி, இதையும் எழுது. எழுதிட்டு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. ஒங்கப்பா வீட்ல இருந்தா அவனுக்கும் கேக்குற மாதிரி வாசி. அந்த வார்த்தை வர்ற எடத்துல தோட்டத்து ஐயா மாதிரி சொல்லாத. பதுள டாக்டர் சொன்ன மாதிரியே வாசி.