எங்கள் சந்துக்கு ஊர் வைத்த பெயர்

நாகலக்ஷ்மிக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. காளிகாட்டில் அம்பாளைக் கும்பிட்டு நான் கண்மூடி நின்றால், அவள் அதற்குள் வெளியே போய்ச் செருப்பு மாட்டியிருப்பாள். கணவர் நடராஜனுக்குத் துறைமுகத்தில் வேலை; மகள் மேக்னா. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் ஒரே சுவர்.

2002இல் தெரு கிளப்பில் ஒரு காரியம் தொடங்கினார்கள். சுற்றுவட்டாரச் சந்துகளை ஜனங்கள் வாயில் எப்படிச் சொல்கிறார்கள், ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று டேப்பில் பதிந்து, பிறகு புத்தகமாகப் போடுவது. பலகையில் எழுதிய பெயர் செல்லாது. இரண்டு பேர் ஒரே பெயரைத் தம் வாயால் சொன்னால்தான் சேர்ப்பார்கள். சம்பளமில்லாத வேலை. நாகலக்ஷ்மி முதல் ஆளாகப் போய் நின்றாள். துணைக்கு நான்.

செக்குச் சந்து, முழங்கால் தண்ணீர்ச் சந்து, குடிகாரன் சந்து என்று மளமளவென்று சேர்ந்தன. எங்கள் சந்துக்கு வந்தபோதுதான் சிக்கல். யாரைக் கேட்டாலும் பலகைப் பெயரையே சொன்னார்கள். மைக்கை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உட்காருங்க பௌதி, டீ குடிங்க" என்றார்கள். பௌதி என்றால் வங்காள மொழியில் அண்ணி. அக்கம்பக்கத்தில் கல்யாணமான பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கிளப் செயலாளர் தபன் சமாதானம் சொன்னார். "கிடைக்கலைன்னா விட்டுடலாம் பௌதி. எல்லாச் சந்துக்கும் பேர் இருக்கணும்னு கட்டாயமா?"

அது அவளைக் குடைந்தது. அடுப்பில் அரிசியை வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள், போவாள். "மூத்திரச் சந்துக்கெல்லாம் பேர் இருக்கு. நாம இருக்கிற சந்துக்கு இல்லையாமே? எதையோ மறைக்கிறாங்க அக்கா."

கடைசியில் சந்து நடுவில் இஸ்திரி போடும் ஷெஃபாலியைப் பிடித்தாள். "நீ சொல்லாம நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

"நீங்க நகராம நிப்பீங்களா? அதையும் பார்த்துடுவோம்" என்று ஷெஃபாலி சிரித்தாள். நாகலக்ஷ்மி சிரிக்கவில்லை. ஷெஃபாலி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "மெஷினை நிறுத்துங்க. பாக்லி கலின்னு சொல்லுவோம்."

பைத்தியக்காரி சந்து.

"யாரு அந்தப் பைத்தியக்காரி?"

ஷெஃபாலி அவளையே பார்த்தாள்.

தொண்ணூற்றிரண்டு டிசம்பர் கலவரத்தில் ஊரடங்கு போட்டபோது நடராஜன் துறைமுகத்திலேயே மாட்டிக்கொண்டார். ஒரு தகவலும் இல்லை. நாகலக்ஷ்மி தலை பின்னாமல், வெறுங்காலோடு, சந்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தபடி இருந்தாள். போலீஸ்காரர் அதட்டினால் உள்ளே போவாள். அவர் திரும்பியதும் வந்துவிடுவாள். அம்பாள் புண்ணியத்தில் நடராஜன் நல்லபடியாக வந்து சேர்ந்தார். ரிக்ஷாக்காரர்கள் அப்போது வைத்த பெயராம். தமிழ் வீடுகளின் காதில் விழாமல் பத்து வருஷம் புழங்கியிருக்கிறது.

அதன்பின் நாகலக்ஷ்மி வெளியே வரவில்லை. உள்ளேயே நடந்தாள்; சுவர் வழியே எனக்குக் கேட்டது. பார்க்கப் போனபோது நடராஜன் சொல்லிக்கொண்டிருந்தார். "மேக்னாவுக்கு வரன் பார்க்கிற நேரம். புத்தகத்துல அச்சாகி, மாப்பிள்ளை வீட்டார் கேட்டா என்ன சொல்றது? விட்டுடு. பேர் இல்லாத சந்தா இருந்துட்டுப் போகட்டும்."

"குடிகாரன் சந்துல, அந்தக் குடிகாரனோட மகன் வாயாலேயே சொல்ல வச்சேன். இதுல என்ன வெட்கம்னு நான்தான் கேட்டேன். இப்ப எனக்குன்னா மூடிக்கணுமா?"

"உன்னைப் பைத்தியம்னு நீயே சொல்லப்போறியா?"

"என்னைத்தானே சொல்றாங்க. உங்களையா சொல்றாங்க?"

அவர் என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலை ஷெஃபாலி முன்னால் நின்று, டேப்பை ஓடவிட்டு, நாகலக்ஷ்மி வங்காள மொழியில் நிதானமாகப் பெயரைச் சொன்னாள், காரணத்தையும் சொன்னாள். "இது ஒரு ஆள். இப்ப நீ."

"உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படி பௌதி?"

நாகலக்ஷ்மி மெஷினை என் கையில் கொடுத்தாள். சந்து முனை வரை போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, பஸ்களைப் பார்த்தபடி நின்றாள். நான் அம்பாளை நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். ஷெஃபாலி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.