தோளுக்குள் நான் வைத்துத் தைத்த பஞ்சு

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். அதற்கு முன் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துச் சாட்சி சொல்ல என் நாக்கு கூசுகிறது.

என் பெயர் பொன்மணி. ராஜபாளையத்தில் வீட்டிலேயே துணி தைக்கிறேன். போன வருடம் ஜூன் மாதம், பள்ளி திறக்கிற வாரம், ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் என் மகள் ஷீபாவுக்குச் சீருடை தைத்துப் போட்டுப் பார்த்தேன். இடது பக்கம் ஓரம் இறங்கி நின்றது. பிரித்துத் தைத்தேன். மறுபடியும் இறங்கியது. வெட்டியதில் பிழையில்லை, அவள் தோள்தான் இறங்கியிருந்தது.

"நேரா நில்லுட்டி! கோணிக்கிட்டு நின்னா எவன் கட்டுவான்?" என்று மர ஸ்கேலால் முதுகில் அடித்தேன்.

"நேராத்தாம்மா நிக்கேன்."

எதிர்த்துப் பேசுகிறாளே என்று இன்னும் இரண்டு போட்டேன்.

ஊர் வாய்க்குப் பயந்து அவள் சட்டை எல்லாவற்றிலும் இடது தோளுக்குள் பஞ்சு வைத்துத் தைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. என் கைவேலையை நினைத்துப் பெருமைகூடப் பட்டேன். காலைச் சாப்பாட்டை விட்டு, "ஆண்டவரே, இவள் பிடிவாதத்தை எடுத்துப்போட்டு நேராக நிற்கவையும்" என்று தினமும் ஜெபித்தேன். அவளையும் பக்கத்தில் முழங்கால் போடவைத்தேன். முதுகு வலிக்கிறது என்று அழுதாள். ஜெபத்துக்குக் கள்ளம் பண்ணுகிறாள் என்று திட்டினேன்.

இந்த வருடம் சளிக் காய்ச்சலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். முதுகைப் பரிசோதிக்க வந்தவர் சட்டைத் தோளைத் தடவினார்.

"உள்ள பஞ்சு இருக்கே, யாரு தச்சது?"

"நான்தான்."

அவளைக் குனியச் சொன்னார். வலது பக்க விலா மட்டும் மேடாக எழும்பி நின்றது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது, ஸ்கோலியோசிஸ் என்றார்.

மதுரையில் எக்ஸ்ரே எடுத்தோம். பெரிய டாக்டர் சொன்னார்: "பை தூக்குனதாலயோ கூனி உக்காந்ததாலயோ வர்றதில்லம்மா. முக்காவாசிப் பிள்ளைகளுக்குக் காரணமே தெரியாது. வளர்ற வயசுல வேகமா வளையும். போன வருஷமே வந்திருந்தா பெல்ட் போட்டு நிறுத்தப் பாத்திருக்கலாம். இப்ப ஆபரேஷன்தான்."

கால் விளங்காமல் போகவும் வாய்ப்பு உண்டு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அறுவை அறைக்கு வெளியே தரையில் விழுந்து கிடந்தேன். "நேராக வேண்டாம் ஆண்டவரே, நடந்தால் போதும்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவள் கண் விழித்ததும் கால் விரலை அசைக்கச் சொன்னார்கள். அசைத்தாள். "ஸ்தோத்திரம்!" என்று கத்திவிட்டேன். ஷீபா என்னைப் பார்த்தாள்.

"இப்பம் நேரா இருக்கனாம்மா? இனி அடிக்க மாட்டேல்லா?"

இன்று அவள் நடந்து பள்ளிக்குப் போகிறாள். தகுதியில்லாத எனக்கு அவர் இரங்கினார். இப்போது நான் யார்மீதும் கை நீட்டுவதில்லை. தாய்மாரே, நம்பிக் கேளுங்கள், அவர் கைவிடமாட்டார். ஆனால் முழங்கால் போடுமுன் பிள்ளையைக் குனியச் சொல்லி முதுகைப் பாருங்கள். கோணல் தெரிந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

முதுகுத் தழும்பில் மருந்து தடவ அவள் என்னை விடுவதில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து சித்தியைக் கூப்பிடுகிறாள். அதற்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.