ரூஃபஸுக்குப் பத்தொன்பது வயது

டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் எங்கள் தெருக்காரர்களில் யாரைப் பற்றியாவது எழுது என்று யாராவது கேட்டிருந்தால், ரூஃபஸ்தான் கடைசியாக ஞாபகத்துக்கு வந்திருப்பார். அவ்வளவு சாதாரண மனிதர். பிளானோவில் லெகஸி பக்கம் ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை. டோல்வேயில் போவார், டோல்வேயில் வருவார். சனிக்கிழமை புல் வெட்டுவார். எங்கள் வீட்டு ஸ்பிரிங்க்ளர் நடைபாதையை நனைக்கிறது என்று என் கணவர் பசுபதியிடம் வந்து சொல்வார், அதையும் தானே தப்பு செய்துவிட்ட மாதிரி ஒரு குரலில். பார்ட்டிகளில் தெரியாத்தனமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் மார்ட்கேஜ் ரீஃபைனான்ஸ் பற்றி முழுப் பாடமும் கேட்காமல் எழுந்திருக்க முடியாது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் மனைவி ஜெயலீலாவிடமே ஒருமுறை கேட்டேன்.

"உன் வீட்டுக்காரர் பொறக்கும்போதே நாப்பது வயசா?"

"போ ஹம்சா. காலேஜ்ல மியூசிக் பாண்டு எல்லாம் வச்சிருந்தாராம். முடி தோள் வரைக்கும் இருக்குமாம். நான் பாத்ததில்ல" என்று சிரித்தாள்.

நாசரேத்தில் பிறந்தவர் ரூஃபஸ். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் ஆர்மோனியமும் கீர்த்தனையும் தவிர வேறு சங்கீதம் கிடையாது. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்தபோது, அறைத்தோழனின் மாமா லண்டனிலிருந்து ஒரு கேசட் கொண்டுவந்தார். ஒரு பிரிட்டிஷ் பாண்டின் முதல் ஆல்பம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் தேடிப் பிடித்துக் கேட்பீர்கள், எனக்கு அந்தப் பொறுப்பு வேண்டாம்.

நான்கு பையன்கள், ஒருவனும் இருபதைத் தாண்டவில்லை. கிட்டார் இரைச்சல், தடதடவென்று டிரம்ஸ், நடுவில் மூக்கால் பாடுகிற ஒருவன். பாட்டின் வார்த்தைகளில் பாதி ரூஃபஸுக்குப் புரியவில்லை. திமிர் மட்டும் முழுசாகப் புரிந்தது. இந்த ஊர், இந்த ராத்திரி எல்லாமே எங்களுடையது, நாளைக்கு என்று ஒன்று இருந்தால் அது வாசலில் காத்திருக்கட்டும் என்கிற திமிர். அப்படியெல்லாம் ஒருவன் நினைக்கலாம் என்பதே வாத்தியார் வீட்டுப் பையனுக்கு அதுவரை தெரியாது. அந்த கேசட்டைப் பஸ் ஸ்டாண்டு எதிர்க்கடையில் கொடுத்துப் பதிந்துகொண்டார். டேப் தேய்கிறவரை கேட்டார். இரவல் கிட்டாரில் வாசித்தார், செமஸ்டரில் இரண்டு பேப்பர் போனது, அப்பாவிடம் அடியும் வாங்கினார்.

அந்த பாண்டு பிறகு இன்னும் நாலைந்து ஆல்பம் போட்டு, குழந்தை குட்டி பெற்று, சண்டை போட்டுப் பிரிந்தது. ரூஃபஸும் சென்னைக்கு வந்து வேலைக்குச் சேர்ந்தார், வேப்பேரி ஜெயலீலாவைக் கல்யாணம் செய்துகொண்டார், ஹெச்-ஒன் விசாவில் டெக்சாஸ் வந்தார். ஜெபினா பிறந்தாள், கிரீன் கார்டுக்குக் காத்திருந்ததில் முடி கொட்டியது. எல்லோருக்கும் வயதாகிவிட்டது. அந்த முதல் ஆல்பத்துக்குள் இருக்கிற நாலு பேருக்கு மட்டும் இன்னும் ஆகவில்லை.

ஐம்பது வயதுக்கு சர்ப்ரைஸ் பார்ட்டி வைப்பது எங்கள் ஊரில் ஒரு தொற்றுவியாதி. ஆளைச் சேர்க்காமல் ஒரு வாட்ஸ்ஆப் குரூப், கிளப்ஹவுஸ் புக்கிங், பலூன், பழைய போட்டோக்களில் ஒரு ஸ்லைடு ஷோ. எனக்கு இதெல்லாம் எரிச்சல்தான். ஆனால் ரூஃபஸின் ஐம்பதுக்கு ஜெயலீலா இங்கிலாந்திலிருந்து அந்த ஆல்பத்தின் பழைய இசைத்தட்டையே வரவழைத்திருந்தாள், ஒரு ரெக்கார்ட் பிளேயரும் வாங்கியிருந்தாள். ரூஃபஸ் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான்.

அவர்கள் சபையில் பிறந்தநாள் என்றால் கேக் வெட்டுமுன் ஜெபம் உண்டு. வயது திரும்பவேண்டும், இளமை புதிதாகவேண்டும் என்று கேட்பது வழக்கம். பெரியவர் ஒருவர் முடிப்பார், எல்லோரும் ஆமென் சொல்வார்கள். அன்று பெரியவர் வரத் தாமதமாகிவிட்டது. ஜெயலீலாவே ஜெபித்தாள். யாரோ ஆர்வக்கோளாறில் அதற்குள் இசைத்தட்டைச் சுழலவிட்டுவிட்டார்கள். கிட்டார் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி அவள் கேட்டாள், அவருக்கு வயது திரும்பவேண்டும் என்று. கூட்டத்தோடு நானும் ஆமென் சொன்னேன்.

முதலில் நல்லதாகத்தான் இருந்தது. ரூஃபஸ் தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் அந்தத் தட்டைப் போட்டார். வாசிக்கிற கண்ணாடியைக் காணோமே என்றேன், தேவைப்படவில்லை என்றார். முன்நெற்றியில் முடி வந்தது. கறுப்பு முடி. தெருவில் இருக்கிற ஆண்கள் எல்லாம் என்ன எண்ணெய் என்று விசாரித்தார்கள். ஜெயலீலா புது டிரெஸ் வாங்கினாள், காரணமில்லாமல் வெட்கப்பட்டாள். பதினாறு வயது ஜெபினாகூட "டாட் இஸ் ஆக்சுவலி ஃபன் நவ்" என்றாள். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்புச் சத்தம் நான் கேட்டதே கிடையாது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பேச்சும் மாறியது. நாங்கள் அறிந்த ரூஃபஸ் பேசுவது அலுங்காத ஆபீஸ் தமிழ். ஒருநாள் என் கணவரைப் பார்த்து, "ஏல பசுபதி, எங்க போற?" என்றார். பசுபதி சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னார். நானும் சிரித்தேன். ஜெயலீலா மட்டும் சிரிக்கவில்லை.

"அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல ஹம்சா. கல்யாணத்துக்கு முன்னாடியே அந்த நாசரேத் ஸ்லாங் போயிடுச்சு."

அதற்குப்பின் ரூஃபஸ் ஒரு மாலை லெகஸியிலிருந்து கிளம்பி, நேராக அவர்களுடைய பழைய அபார்ட்மென்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். அந்த வீட்டைக் காலி செய்து பல வருடம் ஆகிறது. இப்போதைய வீட்டை வாங்கியதே அவருக்கு ஞாபகமில்லை. அடுத்து கிரீன் கார்டு வந்தது மறந்தது. பிறகு அவர் அப்பாவின் சாவு. தினமும் சாயங்காலம் நாசரேத்துக்கு போன் போட வேண்டும் என்று நம்பர் கேட்டார். புதியதெல்லாம் முதலில் போயிற்று, பழையது அதன்பின், வரிசை பிசகாமல். நியூராலஜிஸ்ட் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஆரோக்கியமான மூளையை இந்த வயதில் பார்த்ததில்லை என்றார். அதைக் கேட்டு ஜெயலீலா கார் பார்க்கிங்கிலேயே அழுதாள்.

அவர் வயதும் ஞாபகமும் எந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கே போய் முடியும் என்றும் தெரிந்தது. அவள் அவரைப் பார்த்ததே அவருடைய இருபத்தொன்பதாவது வயதில்தான்.

இசைத்தட்டை உடைத்துப் போடு என்று நான்தான் சொன்னேன். உடைத்தாள். போனிலிருந்த மியூசிக் ஆப்பை எடுத்தாள், காரில் ரேடியோவைப் பிடுங்கச் சொன்னாள். ஒரு பிரயோஜனமும் இல்லை. ரூஃபஸ் சோபாவில் உட்கார்ந்து அந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து தானே பாட ஆரம்பித்தார், அந்த மூக்குக் குரலில், அந்த பிரிட்டிஷ் இங்கிலீஷில். ஜெயலீலா எனக்கு போன் செய்தாள். பின்னால் பாட்டு கேட்டது. கிட்டார் கேட்டது, டிரம்ஸும் கேட்டது.

"அதை ஆஃப் பண்ணு முதல்ல" என்றேன்.

"எதை?"

"ஸ்பீக்கரைத்தான்."

"ஸ்பீக்கர் கராஜ்ல இருக்கு ஹம்சா. அவர் மட்டும்தான் பாடறார்."

போனைக் காதிலிருந்து எடுக்கவும் பயமாக இருந்தது, வைத்திருக்கவும் பயமாக இருந்தது.

அந்த வாரம் ஜெபினாவைப் பார்த்து, "இந்தப் பிள்ளை யாரு? நல்லா படிக்குமா?" என்று கேட்டிருக்கிறார். குழந்தை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஜெயலீலா வாசலிலேயே நின்றாள்.

"நானும் உக்காந்து அந்தப் பாட்டைக் கேட்டா என்ன? எனக்கும் வயசு திரும்புதான்னு பாக்கறேன். அவரோட போயிடலாம்."

"பைத்தியமா உனக்கு? உள்ள பொண்ணு இருக்கா."

"நான் போகாததுக்கு அவ மட்டும் காரணம் இல்ல." உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அவருக்குப் பத்தொன்பதுன்னா நான் வேப்பேரில பிளஸ் ஒன் படிக்கறேன். அவர் பாளையங்கோட்டைல இருக்கார். அங்க போனாலும் நாங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்க மாட்டோம்."

உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுத்தேன், அவள் உருவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம், "ஹம்சா, கொஞ்சம் வர்றியா" என்று மட்டும் ஒரு மெசேஜ். ஓடினேன். முன்கதவு திறந்திருந்தது. ஜெயலீலா ஹாலுக்கு வெளியிலேயே சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். வீட்டில் மீன்குழம்பு வாசனை. பாட்டுச் சத்தம் இல்லை. அது நின்றுவிட்டது என்பதே எனக்கு நல்லதாகப் படவில்லை.

சோபாவின் நுனியில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ரூஃபஸின் சட்டை அவன்மேல் தொளதொளவென்று தொங்கியது. முடி தோள்வரை இருந்தது. முன்பின் தெரியாத வீட்டுக்கு வந்தவர்கள் உட்காருவதுபோல் முழங்காலை ஒட்டி வைத்திருந்தான். இனி அவனை அவர் என்று எழுத எனக்கு வரவில்லை. அழகாக இருந்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பொய் ஆகிவிடும்.

எங்களைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றான். என்னைத் தாண்டி ஜெயலீலாவைப் பார்த்தான். முகத்தில் மரியாதை இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

"இது யாரு வீடு, ஆன்ட்டி?"

ஜெயலீலா என் கையைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்தது. அழப்போகிறாள், கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அவள் என்னையும் விட்டுவிட்டு உள்ளே போனாள்.

"எங்க வீடுதான். பயப்படாத, உக்காருப்பா."

"நாசரேத்துக்கு பஸ் எங்க நிக்கும், ஆன்ட்டி? நான் போவணும். எங்க அப்பா தேடுவாவ."

ஃபிரிஸ்கோவில் எந்த ஊருக்கும் பஸ் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கராஜ் கதவுகள், வெயில். பையன் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. சாப்ட்டு போலாம், வா" என்றாள் ஜெயலீலா.

மேசையில் தட்டு வைத்தாள். அவன் தலைகுனிந்து ஜெபம் செய்துவிட்டு வேகமாகச் சாப்பிட்டான், ஹாஸ்டல் பையன் சாப்பிடுகிற மாதிரி. அவள் எதிரில் உட்கார்ந்து முள் எடுத்துத் தட்டோரத்தில் வைத்தாள். இதுவரை அவள் பார்த்தேயிராத முகம் அது. கண் எடுக்காமல் பார்த்தாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை.

பாதி சாப்பாட்டில் அவனுக்குக் கூச்சம் விட்டது.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா, ஆன்ட்டி?"

"ஒரு பொண்ணு."

"அங்கிள் எங்க?"

ஜெயலீலா இன்னொரு கரண்டி சோறு எடுத்தாள். அதை அவன் தட்டில் வைத்தாள்.

"வெளிய போயிருக்கார். வந்துடுவார்."

அவன் சரி என்று தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான்.