நகையல்ல, ஊக்கு

தங்க நகையைக் கழுவத் தெரிந்தவர்களுக்கு, உலகத்தில் உள்ள எல்லா நகையையும் கழுவத் தெரியும் என்று ஒரு நினைப்பு. பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊறப்போட்டு, நுரை வந்ததும் சங்கிலியையும் வளையலையும் அதில் போட்டு, பழைய பிரஷ்ஷால் நாலு தேய் தேய்த்தால் வேலை முடிந்தது. தங்கம் தாங்கும். என்ன செய்தாலும் தாங்கும் என்பதால், அதை வைத்திருப்பவர்களுக்கு மூளையைக் கசக்க வேண்டிய தேவையே வருவதில்லை.

நான் சேர்ப்பது வேறு ரகம். ஊட்டியிலும் குன்னூரிலும் பழைய பங்களாக்களைக் காலி செய்யும்போது வெளியே வருகிற, உடையில் குத்திக்கொள்ளும் கண்ணாடிக் கல் ப்ரூச்சுகள், பூச்சுப் போன கிளிப் கம்மல்கள், போலி முத்துமாலைகள். கோத்தகிரியில் நான் வேலை பார்க்கும் தேயிலை ஃபேக்டரி ஆபீசில் இதைக் கேள்விப்பட்டவர்கள் ‘கவரிங்தானே’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்தக் கல்லின் முதுகில் முகக்கண்ணாடிக்கு இருப்பது போல ஒரு மெல்லிய ரசம் இருக்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் அது கறுத்துக் கல் குருடாகிவிடும் என்று விளக்கப் போனால் கொட்டாவி விடுவார்கள். ஒருத்தி எனக்கு உதவுவதாக நினைத்து ஒரு வீடியோ அனுப்பினாள். எலுமிச்சம்பழம், சமையல் சோடா, டூத்பேஸ்ட் மூன்றையும் கலந்து, அதில் ஒரு பழைய கல் கம்மலை மூழ்கடித்துவிட்டு ஒரு பெண்மணி சிரிக்கிறாள். கழுவி முடித்த கல்லைப் பக்கத்தில் காட்டவே இல்லை. எப்படிக் காட்டுவாள்?

இத்தனை பேசும் நான் தொடக் கூடாத ப்ரூச் ஒன்று எங்கள் வீட்டிலேயே இருந்தது. அது அம்மாவுடையது. அம்மா எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த காலத்தில், எங்கள் பழைய சர்ச்சின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காய்க்கும் கேக்குக்கும் நடுவே வந்ததை அம்மா எடுத்தாள். ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள் காணிக்கையாகக் கொடுத்திருந்தார். ஊதா நிறக் கற்களில் ஒரு சின்னப் பூங்கொத்து. அன்றிலிருந்து அம்மாவின் சேலை முந்தானை தோளில் நின்றது அதன் தயவில்தான்.

அப்பா போனபின் அம்மா கடைத்தெருவுக்கு மேலே ஒரு மாடியில் நடக்கும் சபையில் சேர்ந்தாள். அங்கே பெண்கள் நகை போடக் கூடாது. ஞானஸ்நானத்துக்கு முன்னால் அம்மா சங்கிலி, கம்மல், வளையல் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அவை பத்திரமாகக் கோயம்புத்தூரில் என் அண்ணியின் கழுத்துக்கும் கைக்கும் போய்ச் சேர்ந்தன. ஆண்டவருக்காகக் கழற்றியது அண்ணிக்கு எப்படிப் பொருந்தியது என்று நான் கேட்டால் வீட்டில் சண்டை வரும். அதனால் மனசுக்குள் கேட்டுக்கொண்டதோடு சரி.

கடைசியில் பாஸ்டர் அம்மாவின் தோளைக் காட்டி, இது என்ன என்று கேட்டாராம்.

“இது நகை இல்லீங்க பாஸ்டர், ஊக்கு. இது இல்லீன்னா சேலை நிக்காதுங்க” என்றிருக்கிறாள் அம்மா.

பாஸ்டர் உற்றுப் பார்த்தார். எங்கள் ஊர் பனிமூட்டத்தில் கதவு, புத்தகம், செருப்பு எல்லாமே பூஞ்சை பிடிக்கும். ப்ரூச் மட்டும் தப்புமா? கல்லுக்குக் கல் நடுவே களிம்பு, பவுடர், சேலையின் நூல் பிசிறு. அழுக்கு ஏறி அது ஏதோ காய்ந்த பூ மாதிரி இருந்தது. ஊக்குதான் என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தங்கப் பட்டை போட்ட கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வரும் பாஸ்டரம்மாவும் தலையாட்டினார். கடிகாரம் நகை ஆகாதாம், அது மணி பார்க்கவாம். இந்த லட்சணத்தில் இருந்தது அவர்களுடைய துறவு.

நான் எத்தனையோ தடவை அதைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று கேட்டிருக்கிறேன். கொடுத்ததே இல்லை. அது ஊக்காக இருக்கும் வரைதான் தன்னோடு இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். மிஞ்சியது அது ஒன்றுதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கண்ணாடி முன் நின்று அதைக் குத்திக்கொண்டு, விரலால் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் கிளம்புவாள்.

இந்த வருடம் சீசனுக்கு அண்ணி வந்தாள். ஊட்டிக்கு வருகிற கூட்டத்தில் பாதிக்கு இங்கே பார்க்க வேண்டியது மலர்க்கண்காட்சி, வாங்க வேண்டியது வர்க்கி. அண்ணிக்கு இரண்டோடு கூட, எங்கள் வீட்டைத் திருத்துவது என்கிற மூன்றாவது வேலையும் உண்டு. நான் ஆபீசில் இருந்த நேரம், தன் நகைகளைக் கழுவ பூந்திக்கொட்டைத் தண்ணீர் வைத்திருக்கிறாள். அம்மா பகல் தூக்கத்தில் இருக்க, மேஜை மேல் கிடந்த ப்ரூச்சையும் ஒரு புண்ணியம் என்று உள்ளே போட்டுவிட்டாள். நான் வீடு வந்தபோது அது கொழகொழ நுரைக்கடியில் அம்மாவின் பழைய சங்கிலியோடு கிடந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கவரிங்குக்குப் போயி இத்தனை பவிசா?” என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு ப்ரூச்சை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன்.

இனி அதைச் சும்மா விட்டால் உள்ளே போன ஈரம் எல்லாக் கல்லையும் தின்றுவிடும். அம்மா வேண்டாம் என்றது வேறு விஷயம். முதலில் பழைய பனியன் துணியில் ஒற்றினேன், தேய்க்கவில்லை. தேய்த்தால் தண்ணீர் இடுக்கில் இறங்கும். கல் இருக்கும் பக்கத்தைக் கீழே கவிழ்த்து வைத்தேன், ஈரம் ரசத்தின் பக்கம் போகாமல் வழிந்து வரட்டும் என்று. முடி உலர்த்தும் மெஷினில் சூடில்லாத காற்றைத் தூரத்திலிருந்து காட்டினேன். அண்ணி கதவருகே வந்து நின்று, அரிசி டின்னுக்குள் புதைத்து வைக்கலாமே, போன் நனைந்தால் அப்படித்தானே செய்வார்கள் என்று யோசனை சொன்னாள். கதவைச் சாத்தினேன்.

நன்றாகக் காய்ந்ததும்தான் பார்த்தேன், ஊறியதில் வருடக்கணக்கான அழுக்கு இளகி, பாதி பெயர்ந்து, பார்க்கச் சகிக்காமல் திட்டுத் திட்டாக நின்றது. அதற்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ்ஷைத் தண்ணீர் படாமல் வைத்து ஒவ்வொரு கல்லாகத் தட்டினேன். களிம்பைப் பல்குச்சி நுனியால் சுரண்டினேன். காது குடையும் பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்து, பிழிந்து, கல்லின் முகத்தை மட்டும் துடைத்தேன். மூக்குக்கண்ணாடித் துணியால் முடித்தேன். இடுக்கில் இருந்த அழுக்கே தண்ணீரைத் தடுத்திருக்க வேண்டும், ஒரு கல்கூடக் குருடாகவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பியதும் சுவரெல்லாம் ஊதாப் புள்ளிகள். இதைத்தான் ஊக்கு, கவரிங் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள் மடையர்கள் என்று நினைத்தேன். அண்ணியைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலக்கூட இருந்தது.

அம்மா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“இப்பிடி மினுக்குதே கண்ணு” என்று மட்டும் சொன்னாள்.

மினுக்கினால் என்ன, அதன் பிறப்பே மினுக்கத்தான் என்றேன். அந்தக் கடிகாரக்காரி ஏதாவது சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அம்மா கண்ணாடி முன் நின்று தோளில் வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி வைத்துப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அதைக் குத்திக்கொண்டே வந்தாள். அந்த மாடிப்படி செங்குத்து. அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட நான் போவது வழக்கம். எனக்கு அங்கே ஒட்டுமில்லை உறவுமில்லை. பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, உலகத்தை வெறுக்கச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டிகளின் சத்தத்தைச் சகித்துக்கொண்டிருப்பேன். அன்று சபையில் அப்பம் பகிரும் திருவிருந்து. அப்பத் தட்டு பெண்கள் வரிசைக்கு வருவதற்குள் பாஸ்டரம்மா அம்மாவின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“சிஸ்டர், இன்னைக்கு அது ஊக்கு மாதிரி தெரியலீங்களே.”

நான் எழுந்துவிட்டேன். அவருடைய மணிக்கட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. எத்தனையோ வருடமாகத் தயாராக வைத்திருந்தேன். அம்மாவிடமும் பதில் தயாராக இருந்தது, அதே பழைய பதில், பாஸ்டரே ஒத்துக்கொண்ட பதில். அதைச் சொன்னால் போதும்.

அம்மா குனிந்து தன் தோளைப் பார்த்தாள்.

“ஆமாங்க” என்றாள். “நேத்து கண்ணாடியில பாக்கறப்பவே எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு.”

சொல்லிவிட்டுக் கழற்றினாள். கழற்றியதும் முந்தானை தோளிலிருந்து சரிந்தது, தலையில் போட்டிருந்த முக்காடும் அதோடு வழுக்கியது. சேலை நிற்காது என்று அவள் சொன்னது பொய்யே இல்லை. ப்ரூச்சை மடியில் போட்டுவிட்டு, இடது கையால் தோளோடு சேலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையை அப்பத்துக்கு நீட்டினாள். பாஸ்டரம்மா அவசர அவசரமாகத் தன் சேலையிலிருந்து ஒரு ஊக்கை எடுத்து அம்மாவுக்குக் குத்திவிட்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எனக்கு அழுகை வந்தது, அது கோபத்தில் வந்தது என்று அப்போது நம்பினேன்.

இறங்கும்போது படியெல்லாம் பனி. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, ப்ரூச்சை என் உள்ளங்கையில் வைத்தாள். இனிமேல் இது உனக்கு என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். என் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு, தனித் துணிப்பையில் வைக்கலாம் என்றுகூட அந்த நொடியில் புத்தி போயிற்று.

“பெட்டியில வெக்காத கண்ணு. தொடைக்காத. அப்பிடியே வெளிய போட்டு வெய்யி” என்றாள். “மறுபடி மங்கட்டும்.”

சமையலறை ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறேன். அடுப்புப் புகையும் பனியும் படட்டும் என்று ஜன்னலைச் சாத்துவதில்லை. காலையில் எழுந்ததும் அம்மா போய் எடுத்துப் பார்க்கிறாள், வைத்துவிட்டு வருகிறாள். அம்மா எண்பதை நெருங்குகிறாள். நான்தான் வேலையை ஒழுங்காகச் செய்து தொலைத்துவிட்டேன். அது இன்னும் மங்கவில்லை.