பாதிப் பாறையில் இருந்த மாமி

மலைப்பக்கத்து ஆற்றில், இரண்டு உயரமான கற்சுவர்களுக்கு நடுவே, வழுக்குப் பாறையில் சறுக்கி விழும் நீர்வீழ்ச்சி அது. கல்முனையிலிருந்து வேனில் போய், பிறகு வெகுதூரம் ஆற்றோரமாக நடந்தோம். ஆண்கள் வளைவுக்கு அப்பால் சோறாக்கினார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சறுக்கி, கீழே இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்து சிரித்தார்கள். நான் பாதிப் பாறைவரை இறங்கி, அங்கிருந்த திட்டில் உறைந்துபோனேன். திரும்பி ஏறவும் வழியில்லை.

அந்தத் திட்டில் வேறொரு வேனில் வந்த மாமி உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு. முக்காட்டு ஊசிகள் இரண்டையும் கழற்றி உதட்டில் கடிப்பதும், மறுபடி குத்துவதுமாக இருந்தார்.

“பயமா மகள்?”

“ஓம் மாமி.”

அவர் முகம் மலர்ந்தது. உதட்டிலிருந்த ஊசிகளால் என் நீண்ட அபாயாவின் ஓரத்தைக் கால்களுக்கு நடுவே காற்சட்டை போலச் சேர்த்துக் குத்தினார். என் கையை இறுகப் பிடித்தார்.

“பிஸ்மி சொல்லுங்க.”

அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சறுக்கிவிட்டோம். காலில் மணல் தட்டியதும் உயிர் திரும்பி வந்தது. அழுதுகொண்டே சிரித்தேன்.

“மாமி, எத்தின தரம் சறுக்கினீங்க?”

“இதுதான் முதல். பயந்த ஆள் ஒண்டு வரட்டும் எண்டு காலையில இருந்து அந்தக் கல்லுலதான் இரிந்தன். தைரியக்காரியளோட போக ஏலா மகள். அவளுகள் இடையில கைய விட்டிருவாளுகள்.”

பெயர் கேட்கவில்லை. ஊசிகளைத் திருப்பிக் கொடுக்கவும் மறந்துவிட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் முக்காடு காற்றில் பறக்க, என்னை என்னவெல்லாம் ஏசியிருப்பாரோ.