அடுத்த வருடத்துத் தாளில் ஒரு வட்டம்

காலை 6.40. கண் விழித்ததும் பார்த்தது, சுவர்க் காலண்டரில் நான் போட்டிருந்த சிவப்பு வட்டம். செப்டம்பர் 23, வியாழன். வலது கண்ணுக்குப் பரிசோதனை.

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். வட்டம் மட்டும் தெரிந்தது. தாளின் ஓரங்கள் இல்லை. வைகாசியிலிருந்து இப்படித்தான்.

அடுப்படியில் மனைவி நாள்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்குக் கண்ணாஸ்பத்திரி” என்றேன்.

“இன்னைக்கு இருபத்துநாலு. ஆஸ்பத்திரி நேத்து.”

சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். அதற்கு முன் ஒரு செய்தித்தாளில் மாவட்டப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் சாம்பிள் வந்ததும் ஒன்றைக் கொண்டுவந்து வீட்டில் மாட்டிவிடுவேன். பிழை ஏதும் மிஞ்சியிருந்தால் பார்க்கப் பார்க்கச் சிக்கட்டும் என்று. மருத்துவமனையில் சொன்ன 23-ஐ அதில்தான் வட்டமிட்டிருந்தேன். அதில் 23 வியாழன். இந்த வருடத்தில் புதன்; வியாழன் 24.

“போன் போட்டு வேற தேதி கேக்கேன்.”

“வேற தேதியா? அதுக்கு எந்த வருசத்துக் காலண்டர எடுத்தாரட்டும்?” அவளை ஏற்றிப்போகும் பட்டாசுக் கம்பெனி வேன் வாசலில் ஹாரன் அடித்தது. சோற்று வாளியை எடுத்தாள். “ஊருக்கெல்லாம் நல்ல நேரம், எமகண்டம் பாத்துத் திருத்துறீக. உங்க கண்ணுக்கு ஒரு நேரம் அமையல. தெரிஞ்சேதான் அதுல எழுதுனீக.”

வேன் போய்விட்டது. அவள் சொன்னதை மறுக்க எனக்கு ஆதாரம் இல்லை. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தேன். முதலில் சாம்பிள் வேலை, பிறகு சீசன் ஆர்டர். சோம்பேறி என்று என்னை யாரும் சொன்னதில்லை. செய்தித்தாளில் இருந்தவரை ஒரு பக்கத்தைக்கூடத் தாமதமாக அனுப்பியதில்லை. பரிசோதனை நடக்காதவரை அது வெறும் மங்கல். நடந்தால் அதற்கு ஒரு பெயர் வந்துவிடும். ஒற்றைக் கண்ணோடு பிழை திருத்துபவனை எந்த அச்சகம் வைத்துக்கொள்ளும்?

வேறு தேதி கேட்காமல், இன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய்விடுவதென்று எட்டு மணிக்கு விருதுநகர் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தேன், மாறி உட்கார்ந்தேன். செல்போனைப் பார்த்தேன். 8.05. மறுபடி பார்த்தேன். 8.06. அச்சக நிறுத்தம் வருவதற்குள் அழைப்பு வந்தது. மிஷின்காரர்.

“அண்ணாச்சி, டிசம்பர் ஷீட்டுக்கு நீங்க ஓகே போடல. மிஷின் சும்மா நிக்கி. எங்கன இருக்கீக?”

எழுந்துவிட்டேன். அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதிதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. இந்த அழைப்புக்காகத்தான் செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். பஸ் நின்றது. ஒரு கால் படியில்.

“எறங்குனா எறங்குங்க, இல்லன்னா உள்ள போங்க” என்றார் கண்டக்டர். “படியில நின்னு பால் காய்ச்சவா போறீக?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். காலை உள்ளே இழுத்தேன்.

“இன்னைக்கு லீவு. ஓகேய முதலாளிகிட்ட வாங்கிக்கோங்க” என்றேன்.

“சீசன்லயா லீவு?”

செல்போனை அணைத்துப் பையில் போட்டேன். விருதுநகர் வரும்வரை அதை வெளியே எடுக்கவில்லை.

மருத்துவமனையில், தேதி தவறியவர்கள் கடைசியில்தான் என்று உட்காரவைத்தார்கள். என் முறை வர மணி 1.20. இருட்டறை. கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். இடது கண்ணுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். வலது கண்ணில் சில புள்ளிகள் வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன்.

“மிஷின் நின்னு போச்சாம்மா?” என்று நர்ஸிடம் கேட்டேன்.

“ஓடிக்கிட்டுத்தான் இருக்கு சார்.”

போன பார்வை வராது, மீதியைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். சீட்டில் எழுதிக் கொடுத்தார்: காலை ஏழு மணிக்கு ஒரு சொட்டு, இரவு ஏழு மணிக்கு ஒரு சொட்டு. ஒரு நேரம் அமையாத கண்ணுக்கு இரண்டு நேரம்.